நான்கு அடுக்கு மகுடமும் சுல்தானின் முகமும்

அகோஸ்தினோ வெனிசியானோ 1535இல் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட சுல்தான் சுலைமானின் படத்தைப் பார்த்தால் மனதுக்குள் ஒரு பெருமிதம் வரத்தான் செய்யும். பக்கவாட்டில் ஒரு முகம். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மகுடங்கள் அடுக்கிய பொற்கவசம். “பார்த்தீங்களா, எங்கட சுல்தான்!” என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

உஸ்மானிய சுல்தான்கள் முடி சூடியவர்கள் அல்லர். பைஅத்தும், குத்பாவிலும் நாணயத்திலும் இடம்பெறும் பெயருமே அவர்களுடைய அதிகாரத்தின் அடையாளம். பிறகு இந்த மகுடம் எங்கிருந்து வந்தது? வெனிஸ் பொற்கொல்லர்கள் 1532இல் செய்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டுகாட் விலைக்கு விற்ற பொருள் அது. அந்த வியாபாரத்துக்குப் பின்னால் நின்றவர் பிரதம வஸீர் இப்ராஹீம் பாஷா. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு ஐரோப்பியர் எதைக் கண்டு மலைப்பார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

ஐந்தாம் சார்ள்ஸுக்கு 1530இல் பொலோஞ்ஞாவில் பாப்பரசர் பேரரசராக முடிசூட்டினார். பாப்பரசரின் மகுடத்தில் அடுக்குகள் மூன்று. இதில் நான்கு! இருவருக்கும் சேர்த்துச் சொன்ன பதில் இது என்று குல்ரு நெசிபோக்லு 1989இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. ஹப்ஸ்பர்க் தூதர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டதே தவிர, சுல்தான் அதை அணிந்ததாகத் தெரியவில்லை.

அணியாத மகுடத்தைத்தான் செதுக்குநர் அணிவித்துவிட்டார். சுல்தான் அவர் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவருடைய உழைப்பெல்லாம் கல்லிலும் முத்திலும் இறகிலும் போயிருக்கிறது. முகம் அதைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் மாதிரி. கைத்திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு மனிதரின் உருவப்படம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெனிஸில் செய்த ஒரு நகையின் படம் இது. எங்கட பெருமைக்கு இதையா சாட்சியாக வைப்பது?

படம் அச்சாகி மறுவருடமே இப்ராஹீம் பாஷா கொல்லப்பட்டார். மகுடமும் இன்று இல்லை, கடதாசிதான் மிச்சம்.

இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் நிகாரி வரைந்த இன்னொரு சுலைமான் இருக்கிறார், 1560 அளவில் வரையப்பட்டவர். வயது போய்விட்டது, தாடி நரைத்துவிட்டது. வெள்ளைத் தலைப்பாகையோடு நடந்து வருகிறார், பின்னால் இரண்டு பணியாளர்கள்.