அணைக்குப் பின் தொடங்கும் கணக்கு

க்ளாமத் ஆற்றின் குறுக்கே நின்ற நான்கு நீர்மின் அணைகள் 2024இல் முழுமையாக அகற்றப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் சால்மன் மீன்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எட்ட முடியாதிருந்த ஓரிகன் மாநிலத்து மேற்பகுதிக்கு ஏறிச் சென்றபின், அமெரிக்காவின் மறு உரிம முறைக்குப் புதிய புகழ் ஒன்று சேர்ந்திருக்கிறது. கூட்டரசுக்குச் சொந்தமல்லாத நீர்மின் அணைகளுக்குக் காலவரையறையோடு உரிமம் வழங்கி, அக்காலம் முடியும்போது மின் உற்பத்தி, மீன்வளம், பழங்குடி மக்களின் உரிமை, பொழுதுபோக்கு ஆகியவற்றை மீண்டும் ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் இம்முறையே அந்த ஆற்றை மீட்டது என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். வாதம் கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. க்ளாமத் ஆறு அந்தத் துலாக்கோலால் மீளவில்லை, அதற்கு வெளியே நின்ற அதிகாரங்களாலும் மக்களாலும் மீண்டது. துலாக்கோலோ அளவு குறிக்கப்பட்ட நாளிலிருந்தே ஒரு பக்கம் சாய்ந்தது.

முறையின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. ஓடும் ஆறு பொதுச்சொத்து, அதை எந்த நிறுவனமும் நிரந்தரமாகக் கைக்கொள்ள முடியாது என்ற கொள்கையை 1920ஆம் ஆண்டின் நீர்மின் சட்டம், உரிமக் காலத்துக்கு 50 ஆண்டு உச்சவரம்பு விதித்ததன் மூலம் நிலைநாட்டியது. 1986இல் செய்யப்பட்ட திருத்தம், மின்சாரத்துக்குத் தரும் கவனத்துக்கு நிகரான கவனத்தை மீன், வனவிலங்கு, பொழுதுபோக்கு, சுற்றுச்சூழல் தரம் ஆகியவற்றுக்கும் தர வேண்டும் என்று கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தைப் பணித்தது. உரிமம் முடிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறை தொடங்குவதும், ஆய்வறிக்கைகள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுவதும், மாநில அரசுகளும் பழங்குடி அரசுகளும் கரையோர மக்களும் ஒரே மேசையில் அமர்வதும் உலகின் பல நாடுகளில் இல்லாதவை. பல ஆறுகளில் வறண்டுகிடந்த பகுதிகளுக்கு இம்முறையால் கொஞ்சமாவது நீர் திரும்பியது. மெய்ன் மாநிலத்துக் கென்னபெக் ஆற்றில் 1837இல் கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணைக்கு 1997இல் ஆணையம் உரிமம் மறுத்து அகற்ற ஆணையிட்டது, 1999 ஜூலையில் அது உடைக்கப்பட்டது. நீர்மின்சாரம் புகையற்றது என்பதும், தேவை ஏறி இறங்கும் வேகத்துக்கு ஈடுகொடுப்பது என்பதும் உண்மை.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் எஞ்சி நிற்கும் குறை ஒன்று உண்டு. அது சிறு குறையன்று. முறையின் அச்சாணியிலேயே இருக்கிறது. எந்த நிலையோடு ஒப்பிட்டு ஒரு திட்டத்தின் நன்மை தீமைகள் அளக்கப்படுகின்றனவோ அதை ஒப்பீட்டு அடிப்படை எனலாம். மறு உரிமத்தில் ஆணையம் கொள்ளும் ஒப்பீட்டு அடிப்படை அணைக்கு முந்தைய ஆறு அன்று, அணை இல்லாவிட்டால் ஆறு அடையக்கூடிய நிலையும் அன்று. அணை நின்று, நீர் தேங்கி, மீன் வழி அடைபட்டு, கீழ்நீரோட்டம் சூடேறி நிற்கும் இன்றைய நிலையே. சுற்றுச்சூழல் அறிக்கைகள் ஒவ்வொன்றும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய ‘எதுவும் செய்யாத நிலை’ என்பதற்கு ஆணையம் தரும் பொருள், பழைய உரிமத்தின் விதிகளோடு அணை தொடர்ந்து இயங்குவது என்பதாகும். சட்டத்தின்படி உரிமம் முடிந்துவிட்டது. அரசு உண்மையிலேயே எதுவும் செய்யாவிட்டால் நிறுவனத்துக்கு அந்த ஆற்றில் நீண்டகால உரிமை ஏதும் மிஞ்சாது. முடிந்துபோன உரிமையை முடியாததாகப் பாவித்து அதையே பூச்சியக் குறியாக வரைந்துகொண்டபின், 50 ஆண்டு உச்சவரம்பு என்ற கொள்கையில் மிச்சமிருப்பது அதன் சொற்கள் மட்டுமே.

குத்தகைக்கு விட்ட தோப்பை வெட்டிச் சாய்த்துவிட்டுக் குத்தகை முடியும் நாளில் பத்துக் கன்றுகள் நட்டுத் தருகிறேன் என்று முன்வரும் குத்தகைதாரரின் கணக்கை இதனோடு ஒப்பிடலாம். வெட்டவெளியிலிருந்து எண்ணத் தொடங்கினால் பத்துக் கன்றும் நில உரிமையாளருக்கு வரவு; தோப்பிலிருந்து எண்ணத் தொடங்கினால் அவை இழப்பின் ஒரு துளியைக்கூட ஈடுசெய்யாதவை. மறு உரிம ஆவணங்களில் பாதுகாப்பு, தணிப்பு, மேம்பாடு என்ற மூன்று சொற்கள் ஒரே தொடராக வருவது வழக்கம். இவற்றுள் மூன்றாவது சொல் இந்தக் கணக்கின் பிள்ளை. ஆற்றின் முழு நீரையும் குழாய்க்குள் திருப்பிவிட்ட நிறுவனம் அதில் சிறு பங்கை மீண்டும் ஆற்றுப்படுகையில் விட ஒப்புக்கொள்ளும்போது அது ஆற்றுக்குச் செய்யப்பட்ட மேம்பாடாகப் பதிவாகிறது. அந்த நீர் ஆற்றுக்கே உரியது என்ற செய்தி அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

இதைவிட ஆழமான கோணல் ஒன்று உண்டு. மறு உரிமத்தைப் பாராட்டுவோர் இதைப் பேசுவதே இல்லை. மின்சாரத்தின் மதிப்பைக் கணக்கிடும்போது ஆணையம் இன்றைய நிலையை அடிப்படையாகக் கொள்வதில்லை. 1995இல் மீட் காகித நிறுவனம் தொடர்பான ஆணையில் வகுத்துக்கொண்ட முறையின்படி, திட்டத்தின் செலவை, அதே மின்சாரத்தை வேறு வழியில் பெற ஆகக்கூடிய இன்றைய செலவோடு ஒப்பிட்டே அது மின்சாரத்தின் மதிப்பை அளக்கிறது. அதாவது, மின்சாரத்தை நிறுக்கும் தட்டில் ‘இந்த அணை இல்லாவிட்டால் என்ன ஆகும்’ என்ற கேள்வி கேட்கப்படுகிறது. ஆற்றை நிறுக்கும் தட்டில் அதே கேள்வி கேட்கப்படுவதில்லை. அணை தரும் நன்மை முழுவதும், அது ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பழகிப்போன ஒவ்வொரு அலகு மின்சாரம் உட்பட, ஆண்டுதோறும் புதிய வரவாக எழுதப்பட, அணை செய்யும் தீங்கு மட்டும் பழையது என்று கழிக்கப்படுகிறது. சால்மன் மீன் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கடலிலிருந்து ஏறிவந்து அணையின் அடியில் முட்டி நிற்பது கடந்த காலத்து நிகழ்வன்று; அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிகழும் இழப்பு. ஒரே அணையை ஒரு தட்டில் இல்லாததாகவும் மறுதட்டில் அசைக்க முடியாததாகவும் கருதும் கணக்கில் ‘நிகரான கவனம்’ என்ற சட்டச்சொல்லுக்கு இடமே இல்லை. இங்கே இரு தட்டுகளுக்கும் இரு வேறு துலாக்கோல்கள்.

நீதிமன்றங்கள் இதை அனுமதித்துவிட்டன என்பது ஆதரவாளர்களின் வழக்கமான மறுமொழி. ஓரிகனின் மக்கென்சி ஆற்றுத் திட்டம் ஒன்றின் வழக்கில் 1999இலும், மெய்ன் மாநிலத்துப் பெனாப்ஸ்காட் ஆற்றுத் திட்டங்களின் வழக்கில் 2000இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இன்றைய நிலையை அடிப்படையாகக் கொள்ளும் ஆணையத்தின் வழக்கத்தை ஏற்றுக்கொண்டது உண்மைதான். அணைக்கு முந்தைய ஆறு எப்படி இருந்தது என்பது ஊகம், ஊகத்தின்மேல் உரிம நிபந்தனைகளைக் கட்ட முடியாது என்பது அந்த வாதத்தின் சாரம். ஆனால் ஒரு வழக்கம் சட்டத்துக்கு முரணானதன்று என்று நீதிமன்றம் கூறுவது, அது சரியானது என்று கூறுவதாகாது. அணை மறைந்தால் அந்த மின்சாரம் வேறெங்கிருந்து என்ன விலைக்கு வரும் என்பதை ஊகிக்கத் தயங்காத ஆணையம், அதே ஆற்றின் அணையற்ற கிளையில் இன்றும் முட்டையிடும் மீன்களையும், பழைய மீன்பிடிப் பதிவுகளையும், அருங்காட்சியகங்களில் உள்ள சிப்பி, நத்தைத் தொகுப்புகளையும், தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களின் அறிவையும் வைத்துக்கொண்டு ஆற்றின் இயல்பை மதிப்பிட முடியாது என்று கைவிரிப்பதை நேர்மையான இயலாமை என்று கொள்வது கடினம். கடந்தகாலத் தீங்குகள் ‘ஒருங்குசேர்ந்த விளைவுகள்’ என்ற தலைப்பின்கீழ் அறிக்கையில் விவரிக்கப்படுகின்றன என்ற மறுமொழியும் போதாது. விவரிக்கப்படுவது வேறு, நிறுக்கப்படுவது வேறு.

அலபாமா மாநிலத்துக் கூசா ஆறு இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டியது. அணைகள் தொடராகக் கட்டப்பட்டு ஓட்டம் நின்றுபோன அந்த ஆற்றில் 30க்கும் மேற்பட்ட நன்னீர் நத்தை இனங்கள் அழிந்தன. அமெரிக்காவின் அண்மைக்கால வரலாற்றில் இனஅழிவு இவ்வளவு செறிந்து நிகழ்ந்த இடங்கள் மிகச் சில. அவ்வாற்றின் ஏழு மின்திட்டங்களுக்கும் சேர்த்து 2013இல் ஆணையம் 30 ஆண்டுக்குப் புதிய உரிமம் வழங்கியபோது, முழுமையான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகூடத் தயாரிக்கவில்லை. சுருக்கமான மதிப்பீடு ஒன்றே போதும் என்றும் குறிப்பிடத்தக்க தீங்கு ஏதுமில்லை என்றும் முடிவு செய்தது. அழிந்தவை அழிந்துவிட்டன, மீண்டும் அழிய முடியாது, ஆகவே புதிய தீங்கு இல்லை என்பதே இந்தக் கணக்கு இட்டுச்சென்ற முடிவு. 2018 ஜூலையில் கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமத்தை ரத்துசெய்து, அருகிவரும் உயிரினங்கள் பற்றிய மதிப்பீட்டில் கடந்தகாலச் சீரழிவையும் அது இன்றும் தொடர்வதையும் கணக்கிலிருந்து விலக்கிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஒரு விரிசலை உண்டாக்கியது. ஆனால் இன்றைய நிலையிலிருந்து எண்ணத் தொடங்கும் பொது வழக்கத்தை அது முடித்துவைக்கவில்லை.

ஒப்பீட்டு அடிப்படை ஆற்றை மட்டுமன்றிச் சமூகத்தையும் வரையறுத்துவிடுகிறது. நீர்த்தேக்கம் உருவானபின் அதன் கரையில் வீடு கட்டியவர்கள், படகு விடுபவர்கள், மீன்பிடி முகாம் நடத்துபவர்கள் ஆகியோரின் நலன் இன்றைய நிலையின் பகுதி என்பதால், அணை அகன்றால் அது இழப்பாகக் கணக்கில் ஏறுகிறது. க்ளாமத்தின் காப்கோ ஏரிக்கரைக் குடியிருப்பினர் ஏரி வற்றியபோது அடைந்த துயரம் மெய்யானது, மதிக்கப்பட வேண்டியது. ஆனால் 1918இல் காப்கோ அணை எழுந்தபோதே சால்மனை இழந்த மேல்படுகையின் க்ளாமத் பழங்குடியினரும், வளம் குன்றிய கீழ்ப்பகுதியில் வாழ்ந்த யூராக், காருக் மக்களும் அதே கணக்கில் இழந்தவர்களாக வருவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது எதுவாயினும் அது நன்மை, சலுகை, மேம்பாடு. அணைக்குப் பின் உருவான சமூகத்துக்கு நலன்கள் இருக்க, அணைக்கு முன்பிருந்த சமூகத்துக்குக் கோரிக்கைகள் மட்டுமே இருப்பதாகக் காட்டும் மேசையில் எல்லோரும் சமமாக அமர்ந்திருக்கிறார்கள் என்று சொல்வது மேசையைச் சுற்றியுள்ள நாற்காலிகளை எண்ணுவதேயன்றி வேறில்லை. ஒருமித்த தீர்வு ஒப்பந்தங்கள் இம்முறையின் மணிமுடியாகப் போற்றப்படுகின்றன. ஆயினும் ஒப்பந்தம் எட்டாவிட்டால் ஒரு தரப்புக்கு அணையும் வருவாயும் தொடரும், மறுதரப்புக்கு வெறும் படுகையே தொடரும் என்ற நிலையில் நடக்கும் பேச்சுவார்த்தையில் சமநிலை எப்படி வரும்?

தாமதமும் அதே தரப்புக்கே துணைநிற்கிறது. உரிமம் முடிந்து புதியது வழங்கப்படாத இடைக்காலத்தில் பழைய விதிகளோடு ஆண்டு உரிமங்கள் வழங்கப்பட்டுக்கொண்டே போகும். வாஷிங்டன் மாநிலத்து ஸ்கொகோமிஷ் ஆற்றின் வடகிளையைத் திருப்பிவிட்ட டகோமா நகராட்சியின் குஷ்மன் திட்டத்துக்கு 1924இல் வழங்கிய உரிமம் 1974இல் முடிந்தது. புதிய உரிமம் 1998இல்தான் வந்தது. வழக்குகள் ஓய்ந்து ஸ்கொகோமிஷ் மக்களோடு 2009இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, மறு ஆண்டு உரிமம் திருத்தப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு ‘எதுவும் செய்யாத நிலை’ நீடித்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்போது க்ளாமத்துக்குத் திரும்பலாம். அந்த உரிமம் 2006இல் முடிந்தது. 2007 நவம்பரில் வெளிவந்த இறுதிச் சுற்றுச்சூழல் அறிக்கையில் ஆணையத்தின் அலுவலர்கள் பரிந்துரைத்தது அணைகளை அகற்றுவதையன்று. கூடுதல் நடவடிக்கைகளோடு புதிய உரிமம் வழங்குவதையே. துலாக்கோல் சொன்ன விடை அதுதான். அதைச் செல்லாக்காசாக்கியவை, நீர்மின் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மீன்வழிகளைக் கட்டாயமாக விதிக்கக் கூட்டரசின் மீன்வள, வனவிலங்குத் துறைகளுக்கு உள்ள அதிகாரமும், பழங்குடி மக்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டமும் ஆகும். அந்த நிபந்தனைகளை ஆணையம் எடைபோட்டுத் தள்ளுபடி செய்ய முடியாது. அவற்றை நிறைவேற்றினால் திட்டம் நட்டத்தில் ஓடும் என்று தெரிந்தபிறகே உரிமையாளர் நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்து 2010இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2022 நவம்பரில் ஆணையம் வழங்கிய இசைவும் மறு உரிமம் அன்று, உரிமத்தைத் துறந்து ஒப்படைப்பதற்கான அனுமதி. எட்வர்ட்ஸ் அணையில்கூட, மூன்றரை மெகாவாட் மட்டுமே தந்த அந்த அணைக்கு மீன்வழி கட்டும் செலவு அணையை அகற்றும் செலவைவிடக் கூடுதல் என்பதே தராசைச் சாய்த்தது; கென்னபெக் ஆற்றின் நூற்றறுபது ஆண்டு இழப்பு அங்கும் நிறுக்கப்படவில்லை. புகழப்படும் வெற்றிகள் இரண்டிலும் ஆற்றுக்கு நீதி கிடைத்தது துலாக்கோலை மீறி வந்த கட்டளைகளாலும் கட்டுமானச் செலவாலும்தான் என்றால், அவற்றைத் துலாக்கோலின் பெருமைக்குச் சான்றாக நிறுத்துவது வரலாற்றைத் திரித்துக் கூறுவதாகும்.

மறு உரிமம் என்பது இருக்கும் நிலையை நீட்டிப்பதன்று, பொதுச்சொத்து ஒன்றை மீளப்பெற முடியாதவாறு புதிதாக ஒப்படைப்பதற்கு நிகரானது என்று 1984லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருந்தது. யாக்கிமா பழங்குடியினர் தொடுத்த அந்த வழக்கு, கொலம்பியா ஆற்றின் குறுக்கே முதன்முதலில் எழுந்த ராக் ஐலண்ட் அணையைப் பற்றியது. மீன்களைப் பற்றிய கேள்விகளை உரிமம் வழங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த ஆணையத்தின் முடிவை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தீர்ப்புக்குப் பின் 1989இல் புதுப்பிக்கப்பட்ட ராக் ஐலண்ட் உரிமம் 2028இல் முடிகிறது. அதற்கான மறு உரிம நடைமுறை தொடங்கிவிட்டது. அந்நடைமுறையில் வரவிருக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையின் ஒப்பீட்டு அட்டவணையில் முதல் நிரலின் தலைப்பு ‘எதுவும் செய்யாத நிலை’ என்றுதான் இருக்கும். அதன்கீழ் எழுதப்படப்போவது கொலம்பியா ஆறா, அணையா என்பதை ஆணையம் இன்னும் ஒருமுறை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.