ராபின் குருவியில் தொடங்க வேண்டாம்

நவம்பர் பிறந்ததும் பிரிட்டனின் கைவினைக் கடைகளில் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள் வந்துவிடும். உள்ளே ஒரு பிடி கம்பளி, இரண்டு மூன்று ஊசிகள், ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு; மேலே கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் ராபின் குருவியின் படம். கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் செய்யும் நீடில் ஃபெல்டிங்கைப் புதிதாக முயல்கிறவர்களில் பலருக்கு இந்தப் பெட்டிதான் முதல் ஆசான். நானும் ராபினில்தான் தொடங்கினேன். கலை என்னைப் பிடித்துக்கொண்டது. பெட்டி அதைக் கற்றுத்தரும் முறையோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த ஊசிக்குக் காது கிடையாது. பட்டை தீட்டிய மெல்லிய எஃகுக் கம்பி. அதன் விளிம்புகளில் கீழ்நோக்கிச் சாய்ந்த நுண்ணிய வெட்டுகள். உள்ளே இறங்கும்போது இழைகளை இழுத்துச் செல்லும்; மேலே வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வரும். ஊசியும் நூலும் சேர்ந்து செய்யும் வேலையை இங்கே ஊசி தனியாகச் செய்கிறது. ஆயிரக்கணக்கான ஊசிகளை வரிசையாகப் பொருத்திய ஆலை இயந்திரங்களுக்காகப் பிறந்தது இது. 1980-களில் அமெரிக்காவின் டேவிட், எலினார் ஸ்டான்வுட் தம்பதியர் அதில் ஒற்றை ஊசியைக் கையில் எடுத்துக் கைவினை ஆக்கினார்கள். பின்னல்போலப் பாட்டிமார் வழியாக வந்த பக்குவம் இதற்கு இன்னும் சேரவில்லை. அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் ஒற்றைத் தாள் சொல்வதே சட்டமாகிவிடுகிறது.

திருத்தம் செய்ய இடம் தருவது இந்தக் கலையின் பெரும்பலம். அலகு சிறுத்துவிட்டதா? இன்னும் கொஞ்சம் கம்பளி வைத்துக் குத்தலாம். ஒரு பக்கம் புடைத்திருந்தால் அங்கேயே மேலும் குத்தி ஒடுக்கலாம். சூளை வேண்டாம், பசை வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம். வரையத் தெரியாதவருக்கும் உருவம் கைகூடும்.

உருவம் வந்துவிட்டதாலேயே வேலை முடிந்ததாகாது என்பதைத்தான் பெட்டி சொல்வதில்லை. விரலால் அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும் ராபின் படத்தில் இருப்பது போலவே தெரியும்; தொங்கவிட்டதும் கயிறு உடலிலிருந்து உருவிக்கொண்டு வரும். அழுத்திய இடம் உடனே எதிர்த்து எழும்வரை குத்த வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். பல பெட்டிகளில் வருவதோ சீவி ஒரே திசையில் அடுக்கிய மெரினோ. நிறமும் மென்மையும் கண்ணைப் பறிக்கும், ஆனால் இழைகள் வழுவழுப்பாக இருப்பதால் இறுகத் தாமதமாகும். இழைகள் பல திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் சற்று முரட்டுக் கம்பளி உள்ளே இருந்து, நிறம் மேலே மெல்லிய போர்வையாக மட்டும் இருந்தால் பாதிச் சிரமம் குறையும். ஊசியிலும் இதே குறைதான். 36 எண் தடிமனானது, உருவத்தைத் திரட்ட. 40 எண் மெல்லியது, மேற்பரப்பை மெழுக. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊசியைக் கொடுத்துவிட்டு, குத்திய தடங்கள் தெரிகின்றனவே என்று புதியவரை வருந்தவிடுவது நியாயமில்லை.

குத்திய கோணத்திலேயே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். உள்ளே இருக்கையில் சாய்த்தால் ஒடியும். ஒடிந்த முனை குழந்தை கையில் எடுக்கும் பொம்மைக்குள்ளேயே தங்கிவிடும். உருண்டையான குருவியைத் திருப்பித் திருப்பிக் குத்தும்போது பிடித்திருக்கும் விரலுக்கும் ஆபத்து. முதல் முயற்சிக்கு பிஸ்கட் வெட்டும் நட்சத்திர அச்சே போதும் என்பது என் உறுதியான கருத்து. அச்சுக்குள் கம்பளியை அடைத்து, விளிம்பில் ஊசி படாமல் மேலிருந்து நேராகக் குத்தினால் கை இறுக்கத்தைக் கற்றுக்கொள்ளும், விரலும் தப்பும். குருவி அடுத்த ஆண்டு வரட்டும்.

ஸ்பாஞ்சும் எனக்கு உவப்பில்லை. குத்தக் குத்தப் பொடியாக உதிர்ந்து கம்பளியில் ஒட்டுகிறது. இயற்கை இழையில் செய்கிறோம் என்று மகிழ்ந்துகொண்டே பிளாஸ்டிக் துகளை வீடெங்கும் பரப்புவானேன்? அரிசி நிரப்பிய சிறு சணல் பை அதே வேலையைச் செய்யும்.

கண்ணாடி உருண்டைகளைப்போல இவை விழுந்தால் உடைவதில்லை. பூனையும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் பண்டிகை அலங்காரம் ஆண்டில் பதினொரு மாதம் இருட்டுப் பெட்டியில் கிடப்பது. அந்துப்பூச்சியின் புழுவுக்கு வேண்டியதும் இருட்டும் கம்பளியும்தான். ஜனவரியில் மரத்தைப் பிரித்ததும் நன்றாக உதறி, காற்றுப் புகாத பையில் கட்டி வைக்க வேண்டும். பூச்சி பட்டதாகச் சந்தேகம் வந்தால் பையோடு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுப்பது நல்லது. இந்த நாலு வரியையாவது பெட்டித் தாளில் அச்சிட்டிருக்கலாம்.