பஸ் கிளம்பும் நேரம்: வளாகச் சொற்பொழிவுகள் பற்றி

செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நீர் மேலாண்மை பற்றி சிறப்புச் சொற்பொழிவு என்று வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. கீழே 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தது. ஏரி சம்பந்தமாகக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் போனேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது அந்த ஒரு கல்லூரியைப் பற்றி அல்ல.

வாசலில் செக்யூரிட்டி கேட்டார்: "ஸ்டாஃபா, பேரண்ட்டா சார்?"

"ரெண்டும் இல்லீங்க. லெக்சர் கேக்க வந்திருக்கேன்."

"அது பசங்களுக்குத்தான் சார். யாரப் பாக்கணும்னு சொல்லுங்க, நோட்டுல எழுதணும்."

அவர்மேல் தப்பே இல்லை. நோட்டில் 'யாரைப் பார்க்க' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'கேட்க வந்தவர்' என்று ஒரு கட்டம் இல்லை. தெரிந்த ஒரு பேராசிரியரின் பெயரை எழுதிவிட்டு உள்ளே போனேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. குளிர்சாதனம் பலமாக ஓடியது. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் மைக்கைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மனிதர் நன்றாகவே பேசினார். இஸ்ரேலின் சொட்டுநீர்ப் பாசனம், சிங்கப்பூர் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குவது, 2018-இல் கேப் டவுன் நகரம் குழாய் வறண்டுபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். செம்பரம்பாக்கம் ஏரி மட்டும் அந்தப் பேச்சில் வரவில்லை.

கடைசியில் 'ஒன்று இரண்டு கேள்விகள்' என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், 2015ல நம்ம ஏரியத் திறந்தாங்க இல்ல, எவ்ளோ தண்ணி திறக்கணும்னு யாரு முடிவு பண்றாங்க?" அரங்கில் அதுவரை இல்லாத ஓர் அமைதி. பேச்சாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்ல கேள்விம்மா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, "பஸ் டைம் ஆயிடுச்சு, ஃபீட்பேக் ஃபார்முக்கு க்யூஆர் கோடு ஸ்கிரீன்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார். நினைவுப் பரிசு, குழுப் படம், தேசிய கீதம். முடிந்தது.

அந்தக் கேள்வி சும்மா கேட்கப்பட்டதல்ல. ஏரியின் முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரி நீர் திறக்கப்பட்டது. அது அடையாற்றில் சேர்ந்தபோது என்ன ஆனது என்று ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நீரைத் திறந்த விதம் பற்றி சிஏஜி கடுமையாக எழுதிய தணிக்கை அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அடுத்த வருடமே இதே ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் நான்கே வருட இடைவெளியில். நீர் மேலாண்மைக்கு இதைவிடப் பாடப்புத்தகம் எது? கேப் டவுனைப் பற்றிப் பேசுவது தப்பில்லை. ஆனால் கேப் டவுனைப் பற்றி யாரும் நம்மைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஏரியைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள். அதைத் தவிர்ப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

இப்படிக் கூட்டங்கள் எதற்காக நடக்கின்றன? நாக் தரமதிப்பீட்டில் ஆராய்ச்சி, புத்தாக்கம், விரிவாக்கம் என்று ஒரு தனி அளவுகோலே உண்டு. நடத்திய நிகழ்ச்சிகளுக்கு ஆதாரமாக, எடுத்த இடம் பதிவான படங்களைக் காட்ட வேண்டும். 2018-இல் மத்திய அரசு தொடங்கிய புத்தாக்கக் கவுன்சில்களுக்கு ஆண்டு நாட்காட்டி உண்டு, நட்சத்திர மதிப்பீடும் உண்டு. ஏஐசிடிஇ மாணவர்களுக்கு 100 செயல்பாட்டுப் புள்ளிகள் என்றது. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். பாடம் நடத்துவதோடு பல்கலைக்கழகம் நின்றுவிடக் கூடாது, வெளியே போக வேண்டும் என்பது பழைய ஆசை. 1969-இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் என்எஸ்எஸ் தொடங்கியதும் அந்த ஆசையில்தான். ஆனால் ஆசையை எண்ணிக்கையாக்கும்போது, எண்ண முடிந்தது மட்டும்தான் மிஞ்சுகிறது. படத்தில் எத்தனை தலை என்று எண்ணலாம். ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

இதுவரை சொன்னதைப் பலரும் எழுதியாயிற்று. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அந்த பஸ்.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை இந்தப் பட்டையில் எல்லாமே பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற வாழ்க்கை. காலையில் கல்லூரி பஸ்கள் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வருகின்றன. மாலையில் வரிசையாகக் கிளம்புகின்றன. அதைத் தவறவிட்டால் நெடுஞ்சாலையில் நின்று பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளைத் தவிர, மாலை ஐந்து மணிக்கு மேல் வளாகத்தில் ஆள் கிடையாது. கம்பெனி பஸ்களும் அப்படித்தான். ஷிப்ட் முடிந்தால் ஏற்றிக்கொண்டு போய் அறையிலோ விடுதியிலோ இறக்கிவிடும். இரண்டு வகைப் பஸ்ஸும் ஒரே சாலையில், ஒரே நெரிசலில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஜன்னலோரம் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

பொதுச் சொற்பொழிவு என்பது மாலை நேரத்துச் சரக்கு. வேலை முடிந்த பிறகுதான் பொதுமக்கள் வர முடியும். நமக்கு மாலையே இல்லை. காலை பத்தரைக்கோ மதியமோ நடத்துகிறோம், அந்த நேரத்தில் வரக்கூடிய ஒரே பொதுமக்கள், வகுப்பிலிருந்து வரிசையாகக் கூட்டிவரப்பட்ட மாணவர்கள். கதவு திறந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு வேறு யார் வர முடியும்?

இங்கிலாந்தில் நடந்த ஒன்றை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1860-களின் கடைசியில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற இளைஞர் வடக்கே தொழில் நகரங்களுக்குப் போய்ச் சொற்பொழிவு செய்தார். கிரூ நகரத்தில் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள், ராச்டேலில் கூட்டுறவுச் சங்கத்தினர். ராச்டேலில் ஒருநாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், மாட்டியிருந்த விளக்கப் படங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தால் மண்டபக் காவலர் சொல்கிறார்: நம்ம ஆட்கள் அந்தப் படங்களைச் சுற்றி நின்று விவாதித்தார்கள், உங்களிடம் கேட்க நிறையக் கேள்வி வைத்திருக்கிறார்கள், இன்றைக்குப் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே வருகிறார்கள். அப்படித்தான் சொற்பொழிவோடு சேர்ந்த கலந்துரையாடல் வகுப்பு பிறந்தது. 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைத் தனதாக ஏற்றுக்கொண்டது. விரிவாக்கம் என்று இன்று படிவத்தில் நாம் நிரப்புகிற சொல்லுக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. அங்கே படத்தை மாட்டிவிட்டுப் போனார்கள். இங்கே படத்தை எடுத்துக்கொண்டு போகிறோம்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1943 பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் ஒரு விவாதம் நடந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்பது பொருள். ஒரு பக்கம் அண்ணா. எதிர்ப்பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளை. அண்ணாவின் வாதங்கள் பின்னால் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. பொருள் நமக்கு ஒப்புதலா இல்லையா என்பதை விடுங்கள். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், தன் வாழ்நாள் படிப்பையே கேள்வி கேட்கிற ஓர் அரசியல்காரரோடு, ஒரு கல்லூரி மண்டபத்தில் பொதுவில் மோதச் சம்மதித்தார். தோற்கக்கூடிய கூட்டத்துக்குப் போனார். இன்றைய சிறப்பு விருந்தினர் யாரும் தோற்க முடியாது. பொன்னாடையைப் போர்த்திய பிறகுதானே பேசவே விடுகிறோம்?

வளாகக் கூட்டம் இன்னும் ஆபத்தானதுதான் என்பதற்கும் சாட்சி உண்டு. 2015 ஏப்ரலில் சென்னை ஐஐடியில் அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டம் நடத்திய கூட்டத்தையும் துண்டறிக்கையையும் ஒட்டிப் புகார் கிளம்பியது. மே மாதம் அங்கீகாரம் ரத்தானது. நாடு முழுக்க எதிர்ப்பு வந்த பிறகு ஜூனில் திரும்பக் கிடைத்தது. மாணவர்கள் தாங்களாகக் கூட்டிய ஒரு கூட்டம் அவ்வளவு தூரம் போனது என்றால், பேச்சுக்கு இன்னும் எடை இருக்கிறது என்றுதானே பொருள்? நிர்வாகங்கள் அதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன என்று சில சமயம் தோன்றும்.

நம் பட்டையில் தொழில்துறைக்குக் குறைவில்லை. 'தொழில்–கல்வி உறவு' என்ற தலைப்பில் நானே பல கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். மேடையில் தொழில்துறை என்றால் மனிதவள மேலாளர். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது வேலை போனவர்கள் இந்த ஊர்களில்தான் வாடகைக்கு இருந்தார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய் நோயுற்ற பிறகு, ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் மறித்தது இந்தக் கல்லூரி பஸ்கள் போகிற அதே நெடுஞ்சாலையை. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம். இவற்றைப் பற்றி ஒரு தொழிலாளியை மேடையேற்றிக் கேட்ட கூட்டம் எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. படித்து முடித்து இதே ஆலைகளில் சேரப்போகிற பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டாமா?

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒருங்கிணைப்பாளரிடம் பிறகு பேசினேன். "நான் என்ன சார் பண்றது? பஸ்ஸ நிறுத்தினா பொண்ணுங்க வீட்டுலேருந்து போன் வரும். ரிப்போர்ட் இன்னைக்கே அப்லோட் பண்ணணும். நாளைக்கு ரெண்டு க்ளாஸ் வேற இருக்கு" என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வகுப்பு, ஆய்வுக் கட்டுரை, அட்மிஷன் வேலை எல்லாவற்றுக்கும் மேல் கூட்டம் நடத்துகிற சுமையும் ஆசிரியர் தலையில்தான். வெளியாளை உள்ளே விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தையும் கேலி செய்ய மாட்டேன். இந்தக் கூட்டங்களால் ஒரு பயனும் இல்லை என்றும் சொல்லவில்லை. ஊரில் ஒரு விஞ்ஞானியைப் பார்த்தே இராத பையன் இங்கேதான் முதல்முறை பார்க்கிறான். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பத்துக் கூட்டத்தில் ஒன்றையாவது வேறு மாதிரி நடத்தலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பட்டும். செக்யூரிட்டி நோட்டில் ஒரு கட்டம் கூடட்டும். குத்துவிளக்கும் பொன்னாடையும் அன்றைக்கு லீவில் போகட்டும். இருபது நிமிடம் பேச்சு, ஒரு மணி நேரம் கேள்வி. முதல் கூட்டத்துக்கு ஏரியில் ஷட்டர் இயக்கி ஓய்வுபெற்ற ஒருவரையும் கலங்கல் பக்கம் குடியிருக்கிற ஒருவரையும் கூப்பிடலாம். இருபது பேர் வந்தால் போதும். ராச்டேலில் பேச்சுக்கு முன்பே வந்து காத்திருந்தவர்களும் இருபது முப்பது பேர்தான்.

வெளியே வந்தபோது பஸ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. அந்த மாணவி ஏறப்போன இடத்தில் பேச்சாளரின் காரும் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் இருக்கும். பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடிப்போய் ஏறினாள். அன்றைக்கு அங்கே நடந்த பொதுச் சொற்பொழிவு அந்த ஒரு நிமிடம்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.