கும்பகருணன் சொல்லும் வீடணன் சொல்லும்

கம்பனின் யுத்த காண்டத்தில் மந்திரப் படலம் பயில்வோர் பெரும்பாலும் வீடணன் பேச்சிலேயே நின்றுவிடுகின்றனர். அதற்கு முன் கும்பகருணன் பேசும் பகுதியை விரைந்து கடந்துவிடுவதால், இராவணன் உள்ளத்தைக் கம்பன் திறந்து காட்டும் ஓர் அரிய இடம் கண்ணிற் படாமற் போகிறது.

கும்பகருணன் முதலில் தமையனைக் கடிந்துரைக்கிறான். பிறன் மனைவியைச் சிறைவைத்துவிட்டு மானம் பேசுதல் தகுமோ என்பது அவன் கேள்வி. பின்னர், இனிச் சீதையை விடுவது இழிவாகும் ஆதலின், பகைப்படை பெருகுமுன் கடல் கடந்து நாமே சென்று பொருதலே செய்யத்தக்கது என்கிறான். இராவணன் என் செய்தான்? கடிந்துரைத்ததைக் கேளாதவன் போல் விட்டான். போருக்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தானும் அதையே நினைத்திருந்ததாகக் கூறினான்! தம்பியின் முடிவு நொடிப்பொழுதில் தமையனின் முடிவாயிற்று. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரிவோர்க்கு இக்குரல் புதியதன்று.

வீடணன் சொல்லை அவ்வாறு தனதாக்கிக்கொள்ள வழியில்லை. தூதனைக் கொல்லற்க என்று அவன் முன்பு உரைத்தபோது ஏற்றவனே இராவணன். அதனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சீதையை விடுக என்றதும் சொல்லை விட்டுச் சொன்னவனைப் பற்றுகிறான். வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை வீடணன் வாய்மொழியாகக் கம்பன் அமைத்ததைக் கதைப்போக்கைத் தடுக்கும் கிளைக்கதை எனக் குறை கூறுவாரும் உளர். கதை முடிந்ததும் இராவணன் பேசுவதை அவர்கள் நோக்கவில்லை போலும். தந்தை மாண்டபின் பிரகலாதன் அரசு பெற்றதுபோல் நீயும் பெற எண்ணினாயோ என்று சினக்கிறான். எச்சரிக்கையாக வந்த கதை குற்றச்சாட்டாகத் திரும்பிவிட்டது. (பிள்ளை ஓதிய பெயரைக் கேட்டு நடுங்கி இரணியனிடம் ஓடிய ஆசானை, ஆசிரியர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.)

வானரர் பாசறையில் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. வீடணனை ஏற்கலாகாது என்றான் சுக்கிரீவன். சாம்பவனும் நீலனும் அவ்வாறே கூறினர். ஏற்கலாம் என்றான் மாருதி. அவன் சுக்கிரீவனின் அமைச்சன் என்பதை மறத்தல் கூடாது. தன் அரசன் கூற்றை, அவ்வரசனும் பணியும் இராமன் முன்னிலையில் மறுக்கிறான். இராமன் மாருதி சொல்லையே கொண்டான். இராமனுக்கு அது எளிது. அவையிற் சொல் தோற்றவன் சுக்கிரீவன் அல்லனோ? வீடணனை அழைத்துவர அவனையே அனுப்புகிறான் இராமன். சுக்கிரீவன் சென்று வீடணனைத் தழுவிக்கொள்கிறான். மாருதிமேல் ஒரு சுடுசொல் இல்லை. இவ்விடத்தில் இராமனின் அருளைப் பக்கம் பக்கமாகப் போற்றும் உரையாளர்கள், சுக்கிரீவனுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.