பதிவகமும் அதன் எழுத்துருவமும்: கருனிச் செலுத்திகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

லினக்ஸ் பணிசெயல் முறைமையின் உட்கருவான கருனியில் இடம்பெறும் சாதனச் செலுத்திகளை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. ஆயினும் அவையும் மனிதர் மனிதருக்காக எழுதியவையே. எனவே உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள உறவு பற்றிய வினா அவற்றுக்கும் பொருந்துமென்றே நாம் கருதுகிறோம்.

32 பிற்று கொண்ட வன்பொருட் பதிவகமொன்றில் ஒவ்வொரு பிற்றுக்கும் தனிப்பொருள் உண்டு. அதனைப் பெயரிட்ட சிறு கூறுகளாகப் பிரித்தெழுத சீ மொழியின் பிற்றுப் புலம் இடந்தருகின்றது. பார்வைக்கு இதனிலும் அழகிய உருவம் வேறில்லை. ஆனால் அக்கூறுகள் எப்பக்கத்திலிருந்து அடுக்கப்படவேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டு நியமம் தொகுப்பியின் விருப்புக்கே விட்டது. பின்வந்த நியமங்களும் அவ்வாறே. கருனியின் ஐபி தலைப்பு வரைவிலே, பதிப்பெண், தலைப்பு நீளம் என்னும் நான்கு பிற்றுக் கூறுகள் இரண்டும் இருவேறு ஒழுங்குகளில் இருமுறை எழுதப்பட்டுள்ளமை இதன் விளைவாகும். (இவ்வொழுங்குப் பிணக்குக்கு டனி கோகன் 1980இல் இட்ட பெயர், முட்டையை எம்முனையில் உடைப்பதென்று சண்டையிடுவோரைப் பற்றிய சுவிஃப்ட்டின் 1726ஆம் ஆண்டு அங்கதத்திலிருந்து எடுக்கப்பட்டதென்பது இலக்கிய மாணவர் அறியத்தக்கது.)

இதனிலும் பாரதூரமானது வேறொன்று. சில நிலைப் பதிவகங்களில் 1 என எழுதினால் அப்பிற்று அழிக்கப்படும். பூச்சியமாம் பிற்றும் மூன்றாம் பிற்றும் உயர்ந்து, பதிவகத்தின் பெறுமானம் 9 ஆக உள்ளதெனக் கொள்வோம். முதலாவதை மட்டும் அழிக்கக் கருதிய நிரலர், புலத்தின் பெயருக்கு 1 ஐ அளிக்கின்றார். தொகுப்பியோ 9 ஐ வாசித்து, அதனை மாற்றமின்றி 9 ஆகவே திருப்பி எழுதுகின்றது. கவனிக்கப்படாத மற்றைய நிகழ்வும் சுவடின்றி மறைகின்றது. எழுதப்பட்டிருக்கவேண்டியது 1 மாத்திரமே. ஒரு வரியின் எளிமை மூன்று செயல்களை மறைத்துவிட்டது. மறைப்பான்களைக் கொண்டும் இத்தவறை இழைக்கலாம். ஆயின் அங்கு வாசித்தலும் எழுதுதலும் தனித்தனியே கண்முன் நிற்கும்.

எனவேதான் செலுத்தி எழுதுவோர் பெரும்பாலும் மறைப்பான்களை நாடுகின்றனர். றீட்எல் என்னும் சார்பு பைற்று ஒழுங்கைச் சீர்செய்தபின், மறைப்பான் எண்ணின்மீது இயங்குகின்றது; நினைவக அடுக்கின்மீதன்று. 2016இல் சேர்ந்த ஃபீல்ட் பிறெப், ஃபீல்ட் கெற் என்பன நகர்த்தற் கணக்கையும் மறைப்பானிலிருந்தே பெறுகின்றன; மாறிலி புலத்துக்குள் அடங்காவிடின் தொகுக்கும்போதே தடுக்கின்றன. ஒரு வகைப் பொறிக்கெனப் பிறந்த செலுத்தி, எதிரொழுங்குடைய எஸ்390 போன்றவற்றிலும் பிழைப்பதற்கு இதுவே வழி. செலுத்தியைப் பொதுவுடைமையாகப் பேண விரும்புவோர் இதனை அழகியல் வினாவாக மட்டும் கொள்ளுதல் இயலாது.

எனினும் இம்முறையையும் நாம் முழுமையாகப் போற்றுவதற்கில்லை. ஒரு பதிவகத்துக்குரிய மறைப்பானை மற்றொன்றின் பெறுமானத்தின்மீது பிரயோகித்தால் தொகுப்பி வாய்திறவாது. இரண்டும் வெறும் எண்களே. பிற்றுப் புலம் தந்த வகைப் பாதுகாப்பு இங்கு இழக்கப்பட்டுள்ளது. கருனியின் பிற்றுப் படங்களும் இதற்கு மாற்றாகா. அவை நீள் முழுவெண்களின் வரிசையாதலால், அலகின் அகலம் பொறிக்கேற்ப 32 அல்லது 64 பிற்றாகும். எதிரொழுங்குடைய 64 பிற்றுப் பொறியில் அதனை 32 பிற்றுத் துண்டுகளாக நேரே பிரதிசெய்தால் துண்டுகள் இடம்மாறி நிற்கும். அதற்கெனவுள்ள மாற்றுச் சார்புகளைப் பயன்படுத்தாத செலுத்தி, எழுதியவரின் மேசையில் மட்டுமே சரியாக இயங்கும்.