முற்றாத மூளை, முற்றிய கை

சென்ற ஆண்டு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளியில் போதை ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள், போனேன். எனக்கு முன்னால் பேசியவர் திரையில் இரண்டு மூளைகளைக் காட்டினார். ஒன்று மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகதகத்தது. இன்னொன்று நீலம் பாய்ந்து கிடந்தது. 'இது நல்ல பையனின் மூளை, இது கெட்ட பையனின் மூளை' என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லைதான். பிள்ளைகள் அப்படித்தான் வாசித்தார்கள். இருபத்தைந்து வயதுவரை மூளை முழுதாக வளராது, அதனால்தான் உங்களுக்கு நல்லது கெட்டது தெரிவதில்லை என்று முடித்தார். கேள்வி உண்டா என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு ப்ளஸ் டூ பையன் எழுந்தான். "சார், எங்க அண்ணன் பதினேழு வயசுலேர்ந்து எஸ்டேட்ல லேத்து ஓட்டறான். அதுக்கு மட்டும் மூளை போதுமா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்விப்பா, உட்காரு என்றார் பேச்சாளர். நானும் என் முறை வந்தபோது அதைத் தொடாமல் எதையோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பேச்சாளர் சொன்னது பொய்யல்ல. பீட்டர் ஹட்டன்லோக்கர் 1979இல், இறந்தவர்களின் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்து நரம்பிணைப்புகளை எண்ணினார். குழந்தையில் அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கும் இணைப்புகள் பெரியவர்களில் குறைந்திருந்தன. புழங்காத இணைப்புகளை மூளை கத்தரித்துவிடுகிறது. ஜே கீட் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், உயிரோடிருக்கும் அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் முன்பகுதியில் சாம்பல்நிறப் பொருள் பருவமெய்தும் காலத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறைகிறது. யோசித்து நிறுத்துகிற வேலையோடு தொடர்புபடுத்தப்படும் முன்நெற்றிப் புறணி கடைசியில்தான் முதிர்கிறது. 2005இல் கார்ட்னர், ஸ்டெயின்பெர்க் இருவரும் வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் செய்த சோதனை எனக்குப் பிடித்தமானது. நண்பர்கள் கூட இருந்தால் பதின்வயதினர் எடுக்கும் அபாயம் பெரியவர்களைவிட மிகக் கூடுதலாக ஏறிற்று. கரையான்சாவடி டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம், அளந்து சொன்னார்கள். இருபத்தைந்து என்பது மட்டும் ஒரு வசதியான எண். அந்தப் பிறந்தநாளன்று மூளையில் எந்த சுவிட்சும் போடப்படுவதில்லை.

பத்து வருடத்துக்கு முந்தைய நானாக இருந்தால் இதையெல்லாம் ஃபூக்கோ பெயரைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் தள்ளியிருப்பேன். தொண்ணூறுகளின் சிற்றிதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிப் படித்து வளர்ந்தவன் நான். உடலைக் கண்காணிக்கும் அதிகாரம், இயல்பு / பிறழ்வு என்ற இருமை, மருத்துவச் சொல்லாடலின் வன்முறை எல்லாம் கைவசம் தயாராக இருந்தன. தோழர்கள் சிலர் இன்னமும் அங்கேயே நிற்கிறார்கள். ஆனால் எங்கள் தெருமுனையில் பஞ்சர் சொலூஷன் ஊற்றிய துணியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை நான்கு வருடங்களாகப் பார்க்கிறேன். இப்போது அவனுக்கு நேர்க்கோட்டில் நடக்க வரவில்லை. அவனுடைய கால் தடுமாறுவதைச் சொல்லாடல் என்று கட்டுடைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது. அறிவியலை நிராகரிப்பது வேறு, அறிவியலின் பெயரால் நம்மிடம் எது வந்து சேர்கிறது என்று பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய முதலில் ஆய்வுகளைப் படித்தாக வேண்டும். சோம்பேறித்தனத்துக்குக் கோட்பாடு என்று பேர் வைத்துக்கொள்ளக் கூடாது.

படித்தால் என்ன கிடைக்கிறது? கஞ்சாவை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை 38 வயதுவரை தொடர்ந்த ஆய்வு 2012இல் வந்தது. பதின்வயதில் தொடங்கி வருடக்கணக்காகக் கஞ்சாவை விடாதவர்களின் நுண்ணறிவு எண் எட்டுப் புள்ளிகள் வரை சரிந்ததாக அது சொன்னது. உலகம் முழுக்கச் செய்தி. அடுத்த வருடமே, அதே இதழில், நார்வேக்காரர் ஓலெ ரோகெபெர்க் ஒரு கேள்வி போட்டார்: ஏழைப் பிள்ளைகள்தான் சீக்கிரம் கஞ்சாவுக்குப் போகிறார்கள், சீக்கிரம் பள்ளியைவிட்டும் போகிறார்கள் என்றால், இந்தச் சரிவில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு, வர்க்கத்தின் பங்கு எவ்வளவு? டுனெடின் ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள், விவாதம் நடந்தது. 2016இல் இரட்டையர்களை வைத்து ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. கஞ்சா பிடித்தவனுக்கும், பிடிக்காத அவனுடைய இரட்டைச் சகோதரனுக்கும் நடுவே சரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே பள்ளி என்று வைத்துப் பார்த்தால் கஞ்சாவின் தனிப் பங்கு மங்கிவிடுகிறது. கஞ்சா பால் மாதிரி என்று இதற்கு அர்த்தமில்லை. சிறுவயதிலேயே அதிகம் பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு அபாயம் கூடுகிறது என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. நான் சொல்ல வந்தது, எட்டுப் புள்ளி என்ற எண் மட்டும் நம் ஊர் மேடைக்கு வந்து சேர்ந்தது, ரோகெபெர்க்கின் கேள்வி வரவில்லை என்பதுதான்.

அமெரிக்காவில் இப்போது நடக்கும் பெரிய ஆய்வு ஏ.பி.சி.டி. 21 மையங்கள், 9-10 வயதில் சேர்க்கப்பட்ட 11,800க்கும் மேற்பட்ட பிள்ளைகள், வளர வளரத் தொடர்ந்து அளக்கிறார்கள். போதைப் பொருளைத் தொடுவதற்கு முன்பே மூளையைப் படம் எடுத்துவிடுவதுதான் இதன் பலம். இதிலிருந்து 9,804 பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2024 டிசம்பரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 15 வயதுக்குள் மது, புகையிலை, கஞ்சாவில் ஏதோ ஒன்றைத் தொட்டவர்களின் மூளை அமைப்பில் வேறுபாடுகள் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, தொடுவதற்கு முந்தைய படத்திலேயே இருந்தன. அதாவது திரையில் காட்டிய நீல மூளை போதையின் விளைவு என்று பார்த்தமாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'அப்போ பிறவியிலேயே அப்படித்தான்' என்று வழுக்கிவிடலாம். குற்றப் பரம்பரை என்று சட்டம் போட்ட நாடு இது, வழுக்குவதற்கு அதிக நேரம் ஆகாது. ஒன்பது வயதில் எடுத்த படம் பிறவியைக் காட்டுவதில்லை, ஒன்பது வருட வாழ்க்கையையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. அதே ஏ.பி.சி.டி. தரவுகளை வைத்து 2023இல் வந்த இன்னொரு கட்டுரை, 17 மாநிலங்களின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தது. நினைவோடும் மன அழுத்தத்தோடும் தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி ஏழைப் பிள்ளைகளுக்குச் சராசரியாகச் சிறியதாக இருந்தது. ஆனால், வாழ்க்கைச் செலவு அதிகமான மாநிலங்களில், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தாராளமாக ரொக்க உதவி கொடுத்த இடங்களில், இந்த ஏழை-பணக்கார இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதுவும் ஒட்டுறவுதான், காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. என்றாலும் பட்ஜெட் கூட்டத்தொடரின் முடிவுகள் மண்டைக்குள் வரை போகக்கூடும் என்பதை யோசிக்கவாவது செய்யலாம். இந்த ஆய்வை எந்த விழிப்புணர்வுப் பேச்சாளரும் திரையில் போட்டு நான் பார்த்ததில்லை.

அம்பத்தூருக்கு வருவோம். தொழிற்பேட்டை 1964இல் வந்தது, சுமார் 1,300 ஏக்கர். லேத்து, ப்ரெஸ், ப்ளேட்டிங், பவுடர் கோட்டிங், பெயின்ட் ஷாப், அச்சகம். கார் நிறுவனங்களுக்கு உதிரிப் பாகம் செய்கிறவனுக்கு உதிரிப் பாகம் செய்கிற சின்னச் சின்ன ஷெட்டுகள். 2019இல் வெளியான மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதைப் பொருள் கணக்கெடுப்பு (எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தியது) ஒரு விஷயத்தைத் தனியாகச் சுட்டியது. பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் விகிதம் அதிகமாக இருக்கும் ஒரே போதை வகை, முகர்கிற பொருட்கள். நாடு முழுக்க 4.6 லட்சம் சிறுவர்களுக்கு இதிலிருந்து மீள உதவி தேவை என்று மதிப்பிட்டது. சொலூஷனிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பான், மூளையின் வெள்ளைப் பொருளை, அதாவது நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கெடுக்கிறது. பதின்வயது மூளை இன்னும் போட்டு முடிக்காத உறை அது. தெருமுனைப் பையனின் நடை போனது இதனால்தான் இருக்க வேண்டும்.

அதே டொலுயீன் பெயின்ட் ஷாப்பிலும் இருக்கிறது. முகமூடி இல்லாமல் எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் ஸ்ப்ரே அடிக்கும் காண்ட்ராக்ட் பையனும் அதையே மூச்சில் இழுக்கிறான். பஞ்சர் துணிக்காரன் இழுப்பது செறிவு மிகக் கூடுதல், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவனுக்கு 'அடிமை' என்று பேர், மற்றவனுக்கு 'ஹெல்ப்பர்' என்று பேர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் பென்சீன் நஞ்சையும் அதன் இனப் பொருட்களின் நஞ்சையும் எழுதிவைத்திருந்தது. டொலுயீன் அந்த இனம்தான். அப்போதே தெரிந்திருக்கிறது. ஷெட்டுக்குள் போய் யார் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. பதின்வயது மூளையும் நச்சுப் பொருளும் என்று ஆராய வருகிறவர்கள், தெருமுனையைப் போலவே ஷிஃப்ட் வாசலிலும் நிற்க வேண்டாமா?

லேத்துக்கார அண்ணன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தமாஷாக இருக்கும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி 14 வயதில் பழகுநராகச் சேரலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது 14 முதல் 18 வரை 'வளரிளம் பருவத்தினர்' என்று புதிதாக ஒரு வகை செய்தார்கள். அபாயகரமானவை என்று பட்டியலிட்ட வேலைகள் தவிர மற்றவற்றுக்கு அவர்களை வைத்துக்கொள்ளலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 முடிந்தவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவனுடைய மனத் திறனைப் பரிசோதித்துப் பெரியவனாக விசாரிக்கலாம். ஓட்டு 18. தமிழ்நாட்டில் மது வாங்க 21. மூளை 25. கை பதினான்கில் முற்றிவிடுகிறது, ஜெயிலுக்குப் பதினாறில் முற்றிவிடுகிறது, புத்தி சொல்லும்போது மட்டும் இருபத்தைந்துவரை பிஞ்சு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்றபோது, இந்தப் பருவ ஆய்வுகள் பையன்களின் பக்கம் நின்று வாதாடப் பயன்பட்டன. இங்கே 2015 சட்டம் அதே பருவத்தை எதிர்த்திசையில் எடுத்துக்கொண்டு போயிற்று. அப்போது நம் தோழர்களில் எத்தனை பேர் மூளையைப் பற்றிப் பேசினோம்? எனக்கு நினைவில்லை.

இன்னொன்று, தமிழ் படித்தவன் என்பதால் சொல்கிறேன். சங்கப் பாடல்களில் விடலை என்பது தலைவனுக்கு வழங்கும் பேர். காதலியைக் கூட்டிக்கொண்டு பாலை வழி போகிறவன் விடலை. தாய் திட்டுவாள், கண்டோர் வியப்பார்கள். அபாயம் எடுக்கிறவன் என்ற பொருள் அங்கேயும் இருக்கிறது, ஆனால் மரியாதையோடு இருக்கிறது. இன்று 'விடலைப் பசங்க' என்றால் செய்தித்தாளில் பைக் திருட்டு. எப்போது இறங்கியது இந்தச் சொல் என்று யாராவது ஆராயலாம். அதற்கு மாற்றாக வந்த 'வளரிளம் பருவம்' அரசாங்கக் கோப்பின் சொல். அதில் வசையும் இல்லை, ஆளும் இல்லை. ஆவடியில் அந்த வயதுப் பையனை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

இந்தியாவில் இந்தத் துறையில் நடந்த பெரிய முயற்சி சி-வேதா. பெங்களூரு நிம்ஹான்ஸும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் முன்னின்றன, இரு நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றங்களும் பணம் கொடுத்தன. 6 முதல் 23 வயதுவரை சுமார் ஒன்பதாயிரம் பேர், ஏழு மையங்கள்: பெங்களூருவில் இரண்டு, மைசூர், ரிஷிவேலி, கொல்கத்தா, சண்டிகர், இம்பால். மோதல் நிலமான இம்பாலைச் சேர்த்ததும், சுற்றுச்சூழல் நச்சுகளைக் கணக்கில் எடுத்ததும் பாராட்ட வேண்டியவை. நான் மேலே கேட்ட கேள்விகளை அவர்களும் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மையம் இல்லை. திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. 2024இல் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுமுகங்களாகப் படம்பிடித்து உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவைத்தது. அதில் கூட்டாளியாக இருந்த மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலத்தில் இருக்கிறது. கருவில் இருக்கும் மூளைக்கு வரைபடம் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் அங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில், பள்ளியை விட்டு ஷெட்டுக்குப் போகும் மூளைக்குத்தான் யாரும் வரவில்லை.

வந்தால் வரவேற்க வேண்டும் என்பதே என் கட்சி. சில நிபந்தனைகளோடு. அளந்ததைக் காவல்துறை கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பையனின் ரத்தத்தில் கஞ்சா தேடும்போதே கரைப்பானையும் ஈயத்தையும் தேட வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினான், எந்த ஷிஃப்ட், வீட்டில் யார் குடிக்கிறார், அந்தக் குடியை விற்றது யார் என்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். 2003இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் ஏகபோகம், 2023-24இல் மட்டும் வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அப்பன் குடிப்பதில் வருமானம் பார்த்துக்கொண்டு மகனின் முன்நெற்றிப் புறணியைப் பற்றிக் கவலைப்படுகிற அரசின் மூளையையும் யாராவது படம் எடுத்தால் தேவலை. (பூரண மதுவிலக்கு வேண்டும் என்று இதை வாசிக்காதீர்கள். 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் என்ன செய்தது என்று பார்த்தோம்.)

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனை டன்லப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அவனே வந்து பேசினான். ரிசல்ட் வரும்வரை அண்ணன் ஷெட்டிலேயே ஹெல்ப்பராகப் போகிறானாம். அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டிருந்ததால், பஸ் வரும்வரை படித்ததையெல்லாம் கொட்டினேன். இரட்டையர், டொலுயீன், சட்டம் எல்லாவற்றையும். முகமூடி கேட்டு வாங்கு என்றேன். கேட்டா நாளையிலேர்ந்து வராதன்னுடுவாங்க சார் என்றான். பிறகு அமெரிக்காவின் ரொக்க உதவி ஆய்வைச் சொன்னபோதுதான் அவன் முகத்தில் நிஜமான அக்கறை தெரிந்தது.

"மாசம் எவ்ளோ சார் குடுத்தாங்க?"