குட்டிக்குக் கூன் தெரியாது

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கரண்டி ஆற்றுத் தண்ணீர். அதில் இமைமுடி அளவில் ஒன்று துடிக்கிறது. பத்து மடங்கு லென்ஸோடு குனிந்தால், அடடா, உடம்பு முழுக்கக் கண்ணாடி! வயிற்றடியில் மஞ்சள்கருப் பை இன்னும் தொங்குகிறது. முதுகில் தொடங்கி வாலைச் சுற்றி வயிறு வரை ஒரே சவ்வு. துடுப்புகள் இன்னும் பிரியவில்லை. இதயம் அடிப்பதை எண்ணலாம் போலிருந்தது.

ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் உத்திரகாவேரியின் ஒரு குட்டையில், ஐப்பசி மழை விட்ட காலை அது. அன்று பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. மஞ்சள்கரு தீரத் தீர வாய் திறக்கும். பிறகு முதுகுநாணின் நுனி வாலருகே மேல்நோக்கி வளையும். அந்த வளைவைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்! அதோடு வால்துடுப்பில் கதிர்கள் உருவாகும், அப்புறம் செதில் மூடும். பண்ணைக்காரர்கள் நுண்குஞ்சு, குஞ்சு, விரலி என்பார்கள். விரல் நீளம் வந்தால் விரலி. என்ன அழகான சொல்!

இந்தப் பித்தை மேலும் ஏற்றியது காவிரியின் கூன்முதுகு மஷீர். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ. நூறாண்டுக்கு மேல் தூண்டில்காரர்கள் கொண்டாடிய அந்தப் பெருமீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே இருக்கவில்லை! இன்னொரு பக்கம், கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களுக்கு, மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் 'டோர் ரெமாதேவி' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். சிறுசுகளுக்குக் கூன் எடுப்பாகத் தெரியாதே! மோயாற்றுக் கூன்முதுகு மீன்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று 2018இல்தான் உறுதி செய்தார்கள். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலிலும் ஏறியது. மீனின் இளமையைத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

மஷீர் எங்கள் ஆற்று மீனல்ல. ஆனால் கீழே பாலாறு தோல் தொழிற்சாலைக் கழிவால் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான்; எங்கள் ஆற்றில் மீன் இன்னும் பெருகுகிறதா என்பதே என் கேள்வி. குட்டையில் விரலி கிடந்தால் யாராவது கொண்டுவந்து விட்டதாகவும் இருக்கலாம். மஞ்சள்கருப் பையோடு ஒன்று கிடைத்தால், தாய்மீன் இங்கேயே எங்கோ பக்கத்தில் முட்டையிட்டிருக்கிறது என்று பொருள்!

"மாமா, இது கெண்டையா உளுவையா?" என்றான் அக்கா மகன், தட்டின் மேல் மூக்கு முட்ட.

"துடுப்பு பிரியட்டும்டா, சொல்றேன்."

தட்டை அலுங்காமல் சாய்த்தோம். கண்ணாடித் துணுக்கு தண்ணீரோடு போய்க் கலந்தது. அடுத்த ஞாயிறும் விடிவதற்குள் வந்துவிடுவோம்.